வாசகர் கேள்வி பதில்: தங்கவயல் பாறைச் சூட்டில் விளக்கு எரியுமா?

சென்ற இதழில், லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க நடந்துவரும் முயற்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். எங்கோ வடகோடியில் நடப்பது என்று வாசகர்கள் புரட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் குப்பம், பலமநேர், நகரி, மதனப்பள்ளி, சித்தூர் என்று ஆந்திர எல்லைப் பக்கத்துத் தமிழ் வாசகர்கள் வரிசையாகக் கடிதம் எழுதிவிட்டார்கள். அங்கே கிடைப்பது நம் மண்ணில் கிடைக்காதா என்பதுதான் பெரும்பாலோரின் கேள்வி. இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்: ஐயா, என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கீழ் மட்டத்தில் பாறைமேல் கை வைக்க முடியாது, எடுத்துப்போன சோறு சாப்பிடும் நேரம்வரை ஆறாது என்று சொல்வார். அந்தச் சுரங்கங்கள் இன்று மூடிக் கிடக்கின்றன. தோண்டும் செலவே இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் அந்த ஆழத்திலிருந்து சூட்டை எடுத்து மின்சாரம் செய்தால் என்ன?

உங்கள் தாத்தா கூட்டிச் சொல்லவில்லை. தங்கவயல் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே, ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியது. அந்த அடிமட்டத்தில் பாறையின் இயல்பான வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. மேலிருந்து குளிரூட்டிய காற்றைத் தள்ளினால்தான் அங்கே ஆள் நின்று வேலை செய்ய முடியும். ஒரு ஷிஃப்டு முழுவதும் அந்தச் சூட்டில் நின்றவரின் பேரன் இப்படிக் கேட்பது நியாயமே.

ஆனால் இதே 65 டிகிரியைப் புவிவெப்பப் பொறியாளர் ஒருவரிடம் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். உலகில் பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். தங்கவயலில் தரைமட்டத்துச் சராசரியை 25 டிகிரி என்று கொண்டால், 3.2 கிலோமீட்டர் இறங்கியும் 40 டிகிரிதான் ஏறியிருக்கிறது. அதாவது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ டிகிரி. குப்பம், பலமநேர், கோலார் எல்லாம் உட்கார்ந்திருப்பது 250 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழம்பாறையின்மேல். அது தடித்தது, நெடுங்காலமாக ஆறிப்போனது. எரிமலை நாடுகளில் மேலோடு மெலிந்து உள்சூடு தரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இங்கே நிற்பதில்லை. மனிதன் அவ்வளவு ஆழம் இறங்க முடிந்ததற்கே இந்தக் குறைந்த சூடும் ஒரு காரணம். உலகச் சராசரிப்படி சூடு ஏறியிருந்தால் அந்த அடிமட்டம் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும், உங்கள் தாத்தா அங்கே போயிருக்கவே முடியாது.

சூட்டை மின்சாரமாக்கும்போது, மூலம் எவ்வளவு சூடு என்பதோடு அதற்கும் வெளிக்குளிர்ச்சிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 65 டிகிரி நீரையும் 27 டிகிரி காற்றையும் வைத்துக்கொண்டு, குறையே இல்லாத ஓர் இயந்திரம் செய்தாலும் நூற்றில் 11 பங்கு வெப்பம்தான் மின்சாரமாகும். நடைமுறையில் அதில் பாதி தேறினாலே அதிகம். அமெரிக்காவின் அலாஸ்காவில் சேனா என்ற வெந்நீர் ஊற்றில், சுமார் 74 டிகிரி நீரை வைத்து 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே இது கூடுவதற்குக் காரணம், குளிர்விக்க உறைநிலையை ஒட்டிய தண்ணீர் பக்கத்திலேயே ஓடுவதுதான். நமக்கு அந்த வசதி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர் நிரம்பிய சுரங்கத்தின் அடியிலிருந்து விநாடிக்கு 10 லிட்டர் வெந்நீர் சூடு குறையாமல் மேலே வந்துவிட்டதாகவும், அதிலிருந்து 20 டிகிரி சூட்டை நாம் பிரித்தெடுத்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வெப்பம் சுமார் 840 கிலோவாட். நூற்றுக்கு ஐந்து வீதம் மின்சாரமானால் 42 கிலோவாட். நீர்மட்டம் 100 மீட்டர் கீழே இருந்தால், அந்தத் தண்ணீரை இறைக்க மட்டும் ஒரு 20 எச்.பி. மோட்டார் ஓட வேண்டும். அதற்கே 15 கிலோவாட் போய்விடும். குளிர்விக்கும் விசிறிகளின் பங்கையும் கழித்தால், மிஞ்சுவது உங்கள் ஊர் மூலையில் நிற்கும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சுமையில் பாதிகூட வராது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கிய செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்படியானால் இன்னும் ஆழமாகத் துளையிட்டால்? நீராவியாக மாறிச் சுழலியைச் சுற்றும் அளவுக்கு 150 டிகிரி வேண்டும் என்றால், தங்கவயல் பாறையில் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். தங்கவயலுக்குக் கீழே இன்னும் இரண்டு தங்கவயல்களை அடுக்கியதுபோல. மனிதன் இதுவரை நேர்கீழாகத் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது, 12,262 மீட்டர். சோவியத் அரசு அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் செலவிட்டது.

நெதர்லாந்தில் ஹெர்லன் என்ற ஊரில், மூடிய நிலக்கரிச் சுரங்கங்களில் தேங்கிய வெதுவெதுப்பான நீரை எடுத்து 2008 முதல் வீடுகளையும் அலுவலகங்களையும் சூடாக்குகிறார்கள். மின்சாரம் செய்யாமல், சூட்டைச் சூடாகவே பயன்படுத்துகிறார்கள். தங்கவயல் அந்த ஊர்ப் பக்கம் இருந்திருந்தால் இந்நேரம் அந்த நீருக்கு மவுசு வந்திருக்கும். நம் ஊரில் வீட்டைச் சூடாக்க யார் காசு கொடுப்பார்கள்?

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1902-ல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இந்தத் தங்கவயலுக்குத்தான். இந்தியாவில் பெரும்பாலான நகரங்கள் மின்விளக்கைப் பார்க்காத காலம் அது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை வெளியிலிருந்து மின்சாரம் வாங்கியே வாழ்ந்த ஊர், மின்சாரம் கொடுக்கும் ஊராக வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

பலமநேர் அருகிலிருந்து ஒரு விவசாயி: எங்கள் நிலத்தில் 1,100 அடி போர் போட்டோம். மார்கழி விடியலில் தண்ணீர் ஆவி பறக்க வருகிறது. பக்கத்து நிலத்தில் 300 அடி போரில் இப்படி இல்லை. கீழே வெந்நீர் ஊற்று இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

எங்கள் வீட்டுப் போர் 900 அடி. உங்களுக்கு வந்த சந்தேகம் எனக்கும் ஒரு காலத்தில் வந்து, பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கடன் வாங்கி வந்தேன். மார்கழியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, குழாயடியில் சொம்பைப் பிடித்து அளந்தபோது தண்ணீர் 30 டிகிரி, திண்ணையில் காற்று 15 டிகிரி. சொம்பிலிருந்து புகைபோல ஆவி எழுந்தது. நான்கு மாதம் கழித்து, சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு அதே சொம்பில் அதே குழாய் நீரை அளந்தேன். அப்போதும் 30 டிகிரிதான், காற்றோ 39. அன்று அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்தது என்று வீட்டில் எல்லோரும் முகம் கழுவினோம். தண்ணீரின் சூடு மாறவில்லை, நம் உடம்பின் கணக்குத்தான் மாறியிருக்கிறது.

தரைக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டர் போய்விட்டால் கோடையும் குளிரும் எட்டாது. ஆண்டு முழுவதும் அந்த ஊரின் சராசரி வெப்பநிலையே அங்கே நிலவும். அதற்குமேல் நம் பாறையில் ஆழத்துக்கேற்ப மெல்லச் சூடு ஏறும். 1,100 அடி என்பது 335 மீட்டர். நான்கைந்து டிகிரி கூடுதலாக வருவது இயல்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீர்மூழ்கி மோட்டார் தானே சூடாகும், அந்தச் சூடும் அதைச் சுற்றி வரும் தண்ணீரில்தான் கலக்கும். தண்ணீர் குறைவாக ஊறும் போரில் இது இன்னும் கூடும். அளப்பதானால் மோட்டார் போட்டவுடன் வரும் தண்ணீரையும், அரைமணி நேரம் ஓடியபின் வரும் தண்ணீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

மெய்யான வெந்நீர் ஊற்று என்றால் சித்திரையிலும் கை சுட வேண்டும். கேரள எல்லைக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் புத்தூர் வட்டத்தில் பெந்துரு தீர்த்தம் என்று ஓர் ஊற்று உண்டு. பெயர் பெற்ற அந்த இடத்திலேயே தண்ணீர் உடம்புச் சூட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

நகரியிலிருந்து விசைத்தறி நடத்தும் ஒரு வாசகி: எங்களிடம் ஆறு தறி இருக்கிறது. கோடையில் மின்தடை வந்தால் கூலியும் போகும், நூலும் வீணாகும். சூரிய மின்சாரம் இரவில் கிடைக்காது. புவிவெப்ப மின்சாரம் இரவும் பகலும் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி வேலை செய்கிறது? எங்களைப் போன்ற ஊர்களுக்கு எப்போது வரும்?

அம்மா, முதல் கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படி முடியாது.

பூமியின் உட்சூடு இரண்டு வழியில் வருகிறது. பூமி உருவானபோது உள்ளே அடைபட்ட சூடு ஒன்று. பாறையில் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவை சிதையும்போது ஓயாமல் எழும் சூடு மற்றொன்று. இது சூரியன் மறைந்ததும் நிற்பதில்லை, மேகம் வந்தால் குறைவதில்லை. ஆகவே நல்ல புவிவெப்ப நிலையம் ஆண்டின் பெரும்பகுதி தன் முழுத் திறனை ஒட்டியே ஓடும். ஒரு சூரியத் தகடு ஆண்டுச் சராசரியில் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தரும். நீங்கள் சொல்லும் அந்த இரவு பகல் வித்தியாசம் உண்மையானது.

இத்தாலியின் லார்தெரெல்லோ என்ற ஊரில் நிலத்திலிருந்து தானாகவே நீராவி பீறிடும். 1904-ல் பியேரோ ஜினோரி கோன்ட்டி என்ற பிரபு அந்த நீராவியைக் கொண்டு ஒரு சிறு இயந்திரத்தை ஓட்டி ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார். 1913-ல் அங்கே 250 கிலோவாட் நிலையம் எழுந்தது. இன்றும் அந்த வட்டாரத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். வெறும் நீராவி கிடைப்பது அரிது. பெரும்பாலான இடங்களில் அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர்தான் வரும். மேலே வந்து அழுத்தம் குறைந்ததும், குக்கர் மூடியைத் திறந்தாற்போல் அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். அந்த ஆவி சுழலியைச் சுற்றும். நியூசிலாந்தின் வைராகேயில் 1958 முதல் இப்படி நடக்கிறது.

தண்ணீர் கொதிநிலையை எட்டாமல் இருந்தால் மூன்றாவது வழி. அந்த வெந்நீரால், அதைவிடக் குறைந்த சூட்டில் கொதிக்கும் வேறொரு திரவத்தைச் சூடாக்குவார்கள். நம் அடுப்புச் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனின் நெருங்கிய உறவான ஐசோபென்டேன் 28 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி சுழலியைச் சுற்றிவிட்டுக் குளிர்ந்து மீண்டும் திரவமாகும். வெளியே போகாமல் அதே குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெந்நீரும் இன்னொரு துளை வழியே பூமிக்கே திரும்பிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மூன்று பொருள் ஓரிடத்தில் கூட வேண்டும்: சூடு, தண்ணீர், அந்தத் தண்ணீர் புழங்குவதற்குப் பாறையில் விரிசல். மூன்றும் இயற்கையிலேயே கூடிய இடங்கள் பெரும்பாலும் எரிமலைப் பட்டைகள். அதனால்தான் ஐஸ்லாந்து தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தையும், கென்யா ஏறத்தாழ பாதியையும் இப்படி எடுக்க முடிகிறது. உலகம் முழுவதையும் கூட்டினாலும் புவிவெப்ப நிலையங்களின் மொத்தத் திறன் 16,000 மெகாவாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தியாவின் நிலக்கரி நிலையங்கள் மட்டும் 2,00,000 மெகாவாட்டுக்கு மேல். நம் நாட்டில் 10,600 மெகாவாட்டுக்கு வாய்ப்பு உண்டு என்று ஒரு மதிப்பீடு பல காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. அதில் உங்கள் பக்கத்துப் பங்கைத் தேட வேண்டாம்.

ஆகவே, நகரியில் தறி ஓட்டப் புவிவெப்ப மின்சாரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக் கூரைச் சூரியத் தகடுக்கு 2024-ல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஆனால் அது வீட்டு இணைப்புக்கு உரியது. தறிக்கூடத்துக்குத் தனி இணைப்பு வைத்திருந்தால் அந்த மானியத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரவு ஷிஃப்டுக்கு மின்கலம் சேர்ப்பதா, தறியைப் பகலுக்கு மாற்றிக்கொள்வதா என்பதை உங்கள் மின்தடை எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு மாதம் குறித்துவைத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

ஆந்திரத்துப் புத்தூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஆந்திராவில் புவிவெப்பம் இருப்பதாகப் பழைய புத்தகம் ஒன்றில் படித்தேன். எங்கே?

ஒன்றுபட்ட ஆந்திரக் காலத்துப் புத்தகமாக இருக்கும். அந்த இடம் இன்று தெலங்கானாவில், பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்து மணுகூரு. கோதாவரிப் பள்ளத்தாக்கு நம் சித்தூர்ப் பாறையைப் போன்றதல்ல. பிளந்து தாழ்ந்த நிலத்தில் மணற்கல்லும் நிலக்கரியும் படிந்த இடம் அது. மழைநீர் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, மீண்டும் ஏறிவர அங்கே வழி இருக்கிறது. மணுகூரு பக்கத்துப் பகிடேரு கிராமத்தில் நிலக்கரி தேடித் துளையிட்டபோது வெந்நீர் தானாகவே பொங்கி வந்தது. பின்னாளில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் அந்த நீரைக் கொண்டு, நான் மேலே சொன்ன மூன்றாவது வழியில், 20 கிலோவாட் முன்னோடி நிலையம் ஒன்றை அமைத்தது. நிலக்கரி தேடப் போய் நிலக்கரி வேண்டாத மின்சாரம் கிடைத்தது நல்ல வேடிக்கை.

20 கிலோவாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 480 யூனிட். ஒரு கிராமத்து வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்றால் 120 வீடுகளுக்கு. பெரிய நிலையத்துக்கு இது பொருட்டே அல்ல. கம்பி கடைசியாக எட்டும் ஒரு கிராமத்துக்கு இதுவே பெரிது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் வாய்ப்பைத் தேடுவதானாலும், நம் கருங்கல் மேட்டைவிடக் காவிரிப் படுகையின் படிவுப் பாறையில், எண்ணெய்க்காகத் துளையிட்டுக் கைவிட்ட ஆழ்கிணறுகளில் தேடுவதே பொருத்தம்.

சித்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இதைத் தூய்மையான ஆற்றல் என்கிறார்கள். நிலநடுக்கம் வரும், நிலம் இறங்கும், நச்சுக் காற்று வரும் என்றும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. ஆனால் எந்த இடத்தில், எந்த முறையில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆழத்து நீராவியுடன் கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். நிலக்கரி நிலையத்தோடு ஒப்பிட்டால் அளவு மிகக் குறைவு. நீர் வெளியே வராத மூடிய சுற்று முறையில் ஏறத்தாழ இல்லை. ஐஸ்லாந்தின் ஹெட்லிஸ்ஹெய்தி நிலையத்தில் அந்தக் கரியமில வாயுவை நீரில் கரைத்துக் கரும்பாறைக்குள் செலுத்துகிறார்கள்; இரண்டு ஆண்டுக்குள் அது கல்லாக உறைந்துவிடுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நீரை எடுத்துக்கொண்டே இருந்து திருப்பிவிடாவிட்டால் வேறு தொல்லை. வைராகேயில் முதல் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் துள்ளிக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகள் அடங்கிப்போயின. ஓரிடத்தில் நிலம் 15 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கலிஃபோர்னியாவின் கீசர்ஸ் வயலில் 1980-களின் இறுதியில் நீராவி அழுத்தம் சரிந்தது. பிறகு சான்டா ரோசா நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரை 2003 முதல் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் விட்டார்கள், வயல் ஓரளவு தேறியது. நம் ஊர்க் கிணறு வற்றும் கதைதான் இது, சூட்டோடு நடக்கிறது என்பதைத் தவிர.

நிலநடுக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விரிசல் இல்லாத சூடான பாறையில் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தி விரிசலை உண்டாக்கும் முறை ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தின் அடியிலேயே 2006 டிசம்பரில் அதைச் செய்தபோது 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. சுவர்கள் விரிசல் விட்டன, திட்டம் நின்றது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் 5.4 அளவு நிலநடுக்கம் பலரைக் காயப்படுத்தியது. அரசு அமைத்த குழு, அங்கே நடந்த புவிவெப்பத் துளைப் பணியே அதைத் தூண்டியது என்று 2019-ல் கூறியது. இயற்கையாகவே வெந்நீர் புழங்கும் வயல்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு. நம்முடையதைப் போன்ற கருங்கல் பூமியில் யாராவது புவிவெப்ப மின்சாரம் எடுக்க வந்தால், அவர்கள் கையாள வேண்டியிருப்பது இந்த விரிசல் முறையைத்தான். இதனாலும் எனக்கு அதில் அவசரம் இல்லை.

பூகாவிலும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. 4,400 மீட்டர் உயரத்தில், தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் அந்தப் பள்ளத்தாக்கில், 2021 பிப்ரவரியில் ஒப்பந்தமான 1 மெகாவாட் முன்னோடித் திட்டத்துக்குத் துளையிட்டபோது, 2022 ஆகஸ்டில் துளையிலிருந்து பீறிட்ட நீர் பக்கத்து ஓடையில் கலந்தது, பணி நிறுத்தப்பட்டது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த ஓடைதான் தண்ணீர். ஆழத்து வெந்நீரில் ஆர்சனிக், போரான் போன்றவை கரைந்திருப்பது வழக்கம் என்பதால், எங்கே துளையிட்டாலும் அந்த நீர் எந்த ஓடைப் பக்கம் வடியும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

மதனப்பள்ளியிலிருந்து தக்காளி விவசாயிகள் குழு ஒன்றின் செயலாளர்: விலை சரியும்போது தக்காளியைச் சாலையில் கொட்டுகிறோம். புவிவெப்பத்தால் காய்கறி உலர்த்துவதாகப் படித்தோம். ஊரே சேர்ந்து இப்படி ஏதாவது நடத்த முடியுமா?

ஊரே சேர்ந்து நடத்துவதற்கு நியூசிலாந்தின் மொகாய் நல்ல சான்று. அங்கே துவாரோபாகி என்ற மாவோரி அறக்கட்டளை, தங்கள் முன்னோர் நிலத்தின் அடியிலிருக்கும் வெந்நீரிலிருந்து 2000-ம் ஆண்டு முதல் மின்சாரம் எடுக்கிறது. மின்சாரத்தோடு நிற்கவில்லை. அதே சூட்டில் கண்ணாடிக் கூடங்களில் காய்கறி விளைகிறது. 2011-ல் தொடங்கிய பால்பவுடர் ஆலைக்கும் நிலத்தடி நீராவிதான் எரிபொருள். நிலம் அவர்களுடையது, பங்கும் அவர்களுடையது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: கென்யாவின் ஒல்காரியாவில் புவிவெப்பத் திட்டத்துக்காக மாசாய் மேய்ச்சல் குடும்பங்கள் 2014-ல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன; அவர்களின் புகார் உலக வங்கியின் ஆய்வுக் குழுவரை போனது. இரண்டு ஊரிலும் பூமிக்கடியில் இருப்பது ஒரே சூடுதான்.

உங்கள் தக்காளிக்கு வருவோம். துண்டு போட்ட தக்காளியை உலர்த்த 55 முதல் 65 டிகிரி போதும். கவனித்தீர்களா, தங்கவயல் அடிமட்டத்துச் சூடும் அதே 65 டிகிரிதான். ஆனால் அதை மூன்று கிலோமீட்டர் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. பாலிகார்பனேட் கூரை போட்ட ஒரு சூரிய உலர்கூடத்தில் மாசி, பங்குனி வெயில் அந்தச் சூட்டைத் தானே கொடுத்துவிடும். நீங்கள் யோசிக்க வேண்டியது சூட்டைப் பற்றி அல்ல, மழை மாதத்தில் என்ன செய்வது, உலர்ந்ததை யார் வாங்குவது என்பதைப் பற்றி. வாங்குபவர் ஒருவரைப் பிடித்துவிட்டுக் கூடத்துக்குக் கால் நடுங்கள்.

சித்தூரிலிருந்து வீடு கட்டுபவர் ஒருவர்: மண்ணுக்கடியில் குழாய் புதைத்துக் காற்றைக் குளிர்வித்து வீட்டுக்குள் விடலாம் என்கிறார்கள். பயன் உண்டா?

உண்டு, அளவோடு. மூன்று நான்கு மீட்டர் ஆழத்து மண், வெளியே 41 டிகிரி கொளுத்தும்போதும் 28 டிகிரியை ஒட்டி நிற்கும். காற்று அதன் வழியே வரும்போது சில டிகிரி இறங்கும். ஏ.சி.யைப் போல் சில்லிடாது. குழாய்க்குள் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்காமல் சரிவாகப் பதித்து, நீர் வடிய வழி வையுங்கள். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது இதைவிட மலிவு. முதலில் அதைச் செய்துவிட்டுக் குழாயைப் பற்றி யோசிக்கலாம்.

வி.கோட்டா அருகிலிருந்து, பெயர் வேண்டாம் என்ற ஒரு வாசகர்: எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், புவிவெப்ப மின்நிலையம் வரப்போகிறது, வீட்டுக்கு 5,000 ரூபாய் கட்டினால் பங்கும் இலவச மின்சாரமும் உண்டு என்று வண்ண அச்சில் காகிதம் காட்டுகிறார். சிலர் கட்டிவிட்டார்கள். நம்பலாமா?

பணம் கட்ட வேண்டாம். ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் புவிவெப்ப ஆற்றலுக்குத் தேசியக் கொள்கை வெளியிட்டது உண்மை. அந்த அரசு முத்திரையைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ள யாருக்கும் முடியும். எங்கள் தெருவுக்கும் இரண்டு ஆண்டுக்கு முன் இதே பாணியில் வேறொரு திட்டத்தோடு ஒருவர் வந்தார். நானும் 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர் கொடுத்த தொலைபேசி எண்ணை இன்று வேறு யாரோ எடுக்கிறார்.

அவர் மீண்டும் வந்தால் நாலு பேர் முன்னிலையில் மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கே, எத்தனை மீட்டர் ஆழத்துக்குச் சோதனைத் துளை போட்டீர்கள்? அடியில் அளந்த சூடு எத்தனை டிகிரி? விநாடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வந்தது? உண்மையாகத் துளை போட்டவர் இந்த மூன்று எண்களையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். உங்கள் ஊர்ப் பக்கம் ஆழத்துக்குப் போர் வண்டி ஏதாவது வந்து நின்றிருந்தால் அது யார் கண்ணுக்கும் படாமல் போயிருக்காது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், அவரிடம் கையெழுத்தோடு வாங்கிய காகிதம் எதுவாக இருந்தாலும் அதன் நகலை எடுத்துக்கொண்டு, தனித்தனியாக அல்லாமல் ஒன்றாகச் சேர்ந்து காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.